கண்ணுக்குள் வைத்தால் மருந்து, மூக்கின்மேல் வைத்தால் சரக்கா?

கலிஃபோர்னியா சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். எரிச்சல் வந்தால் எனக்கு ஆங்கிலம் தகராறு செய்யும். பத்தாவது படிக்கும் என் மகள் இதை மொழிபெயர்த்து உங்கள் அலுவலகங்களுக்கு அனுப்புவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். நடுவில் அவளாகச் சேர்க்கும் கிண்டலுக்கு நான் பொறுப்பல்ல. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் உங்களுக்கு ஓட்டுப் போடும் தமிழர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவர்கள் மூக்கின்மேலும் கண்ணாடி இருக்கிறது.

விஷயம் பவர் கண்ணாடிக்கான விற்பனை வரி. அதோடு ஒட்டிக்கொண்டு வரும் விஷன் இன்சூரன்ஸ் கோ-பே, அதாவது இன்சூரன்ஸ் இருந்தும் நம் கையிலிருந்து கட்டும் பங்கு.

இது என் மகனிடமிருந்து தொடங்கியது. இரண்டாம் வகுப்பில் பள்ளியில் கண் பரிசோதனை செய்து, வீட்டுக்கு ஒரு தாள் கொடுத்தனுப்பினார்கள். தூரத்துப் பார்வை சரியில்லை, டாக்டரிடம் காட்டுங்கள் என்று இருந்தது. எங்களுக்கு அதிர்ச்சி. வீட்டில் கதைப் புத்தகத்தை மூக்கோடு ஒட்டிப் படிப்பான். ஆர்வம் என்று நினைத்துவிட்டோம். "போர்டில் எழுதுவது உனக்குத் தெரியவே இல்லையா கண்ணா?" என்று கேட்டேன். "அது டீச்சர் தனக்காக எழுதிக்கிறது இல்லையாப்பா?" என்றான். இரண்டு வருடமாக அப்படியே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். பாடத்தைக் காதால் கேட்டே ஓட்டியிருக்கிறான்.

அந்தப் பரிசோதனைக்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். மழலையர் வகுப்பிலும், பிறகு 2, 5, 8ஆம் வகுப்புகளிலும் பிள்ளைகளின் பார்வையைச் சோதிக்க வேண்டும் என்பது இந்த மாநிலத்தின் கல்விச் சட்டம். அது இல்லாவிட்டால் நாங்கள் இன்னும் இரண்டு வருடம் "ஆர்வம்" என்றே சொல்லிக்கொண்டிருப்போம்.

சரி, டாக்டரிடம் போனோம். அவனுக்கு மைனஸ் இரண்டே கால். போன கையோடு என் கண்ணையும் பார்த்துக்கொண்டேன். நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. போனை ஒரு கை தூரம் நீட்டிப் படிக்கிற வயது. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸில் பவர் இருக்கும் ப்ரோக்ரெசிவ் போடச் சொன்னார்கள்.

கண்ணாடிக் கடை மேசையில் அந்தப் பெண் கணினித் திரையை என் பக்கம் திருப்பி வைத்து, பேனா முனையால் ஒவ்வொரு வரியாகக் காட்டினார். பிரேம் 220 டாலர். இன்சூரன்ஸ் 150 வரை தரும். மிச்சம் 70, அதில் இருபது சதவீதம் தள்ளுபடி போக 56. லென்ஸுக்கு கோ-பே 25. ப்ரோக்ரெசிவ் என்பதால் அதற்கு மேல் 95. கண் கூசாமல் இருக்க ஒரு பூச்சு, அது 69. பரிசோதனைக்கான கோ-பே 10. மொத்தம் 255. மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிற விஷன் இன்சூரன்ஸ் இருந்தும் 255.

பில்லைக் கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்தேன். ஒன்று மட்டும் இல்லை. "டாக்ஸ் போடலையா?" என்று கேட்டேன். "பவர் கண்ணாடிக்கு டாக்ஸ் கிடையாது சார்" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். பற்பசைக்கும் துடைப்பத்துக்கும் கூட வரி கட்டுகிற ஊரில், இந்த ஒன்றையாவது மனசாட்சியோடு விட்டுவைத்திருக்கிறார்களே என்று தோன்றியது.

அந்த வாரம் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில், பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் அப்பாக்கள் கூட்டத்தில் இதை அளந்துவிட்டேன். "என்ன குறை சொன்னாலும் கலிஃபோர்னியா கண்ணாடிக்கு வரி போடுவதில்லை, பார்த்தீர்களா." கூட்டத்தில் கணக்காளர் ஒருவர் உண்டு. அவர் மெதுவாகச் சொன்னார்: "வரி இருக்கு அண்ணே. உங்க பில்லில் இல்லை, அவ்வளவுதான்."

அன்று ராத்திரி உட்கார்ந்து சட்டத்தைப் படித்தேன். புது ப்ரோக்ரெசிவ் போட்டுக்கொண்டு படித்த முதல் விஷயம் அதுதான்.

இந்த மாநிலத்தின் வருவாய் மற்றும் வரிச் சட்டம், 6018ஆம் பிரிவு. கண் மருத்துவர், பார்வையைச் சோதித்துப் பவர் எழுதும் ஆப்டோமெட்ரிஸ்ட், பதிவு பெற்ற கண்ணாடி வழங்குநர் ஆகியோர் தங்கள் தொழிலின் பகுதியாகத் தருகிற கண்ணாடி, பிரேம், லென்ஸ் எல்லாவற்றுக்கும் அவர்களே "நுகர்வோர்". அவர்கள் வியாபாரி அல்ல. அதாவது, சட்டத்தின் பார்வையில் என் கண்ணாடியை நுகர்ந்தது நானல்ல, எனக்கு விற்ற கடை! அதனால் கடைக்காரர் மொத்த விலையில் பிரேம் வாங்கும்போதும், லேபில் லென்ஸ் செய்யக் கொடுக்கும்போதும் விற்பனை வரியைக் கட்டிவிடுகிறார். பிறகு அது விலைக்குள் போய்விடுகிறது. பாலில் கலந்த தண்ணீர் மாதிரி. விலையில் இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியாது. கடைக்காரப் பெண் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த அளவில் என்னிடம் வரி வாங்கவில்லை, அவ்வளவே.

இன்னும் கொஞ்சம் படித்தேன். படிக்காமல் படுத்திருக்கலாம்.

6369ஆம் பிரிவு மருந்துக்கு விலக்கு தருகிறது. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துக்கு விற்பனை வரி கிடையாது. நல்ல சட்டம். ஆனால் எதெல்லாம் மருந்து ஆகாது என்று சொல்லும் இடத்தில், காதுக்கான சாதனத்தையும் கண்ணுக்கான சாதனத்தையும் பெயர் சொல்லி வெளியே தள்ளியிருக்கிறீர்கள். அங்கேயே விதிவிலக்கும் வருகிறது: உடலுக்குள் நிரந்தரமாகப் பொருத்தி, ஒரு உறுப்பு வேலை செய்ய உதவும் பொருள் மருந்துதான். டாக்டர் எழுதிக் கொடுத்த செயற்கைக் கை கால் மருந்துதான். செயற்கைக் கண்ணும் மருந்துதான்.

மூன்று தடவை படித்தேன். கண்ணே போய்விட்டால் வைக்கிற செயற்கைக் கண், மருந்து. இருக்கிற கண்ணைப் பயன்படுத்த உதவும் கண்ணாடி, சரக்கு.

எங்கள் பக்கத்து வீட்டு மாமிக்கு எழுபத்திரண்டு வயது. போன வருடம் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. கண்ணுக்குள் லென்ஸ் வைத்தார்கள். உறுப்புக்குத் துணையாக உடலுக்குள் நிரந்தரமாக இருக்கும் பொருள், ஆகவே மருந்துக் கணக்கு. சிகிச்சைக்குப் பின் படிப்பதற்கு ஒரு கண்ணாடி வாங்கினார். அது வெளியே இருப்பதால் சாதனக் கணக்கு. இரண்டும் லென்ஸ்தான். இரண்டும் ஒரே கண்ணுக்குத்தான். நடுவில் ஒன்றரை சென்டிமீட்டர் தூரம் இருக்குமா? இதை மாமியிடம் விளக்கியபோது, சொட்டு மருந்துக்காகத் தலையை அண்ணாந்தபடியே, "அப்போ மூக்குக் கண்ணாடியையும் உள்ளே வச்சுத் தைக்கச் சொல்லியிருக்கலாமேடா" என்றார்.

மிட்டாய்க்கு இந்த மாநிலத்தில் விற்பனை வரி கிடையாது என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். 1991இல் நொறுக்குத் தீனிக்கும் மிட்டாய்க்கும் பாட்டில் தண்ணீருக்கும் வரி போட்டுப் பார்த்தீர்கள். மக்கள் பொறுக்கவில்லை. 1992 நவம்பரில் 163ஆம் முன்மொழிவை ஓட்டுக்கு விட்டு அதை எடுத்துவிட்டார்கள். எனக்கு மிட்டாயோடு சண்டை இல்லை. ஆனால் என் மகனின் சாக்லேட் பட்டைக்கு இல்லாத வரி, அதன் உறையில் இருக்கும் எழுத்தைப் படிக்க அவனுக்கு வேண்டிய லென்ஸுக்கு இருக்கிறது. சொன்னால் சிரிக்கிறார்கள்.

இப்போது என் ஓட்டுநர் உரிமத்துக்கு வருகிறேன். உண்மையில் இந்த மடலை எழுத வைத்தது அந்த அட்டைதான்.

உரிமம் தரும் டிஎம்வி அலுவலகத்தில் கவுண்டருக்கு மேலே எழுத்துப் பலகை தொங்கும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது வரியைப் படி என்பார்கள். கண்ணாடியைக் கழற்றினால் எனக்கு அது எழுத்தா எறும்பா என்று தெரியாது. இரண்டு கண்ணும் சேர்ந்து 20/40 வர வேண்டும் என்பது அவர்கள் அளவுகோல். கண்ணாடி போட்டால்தான் எனக்கு அது வரும். அதனால் என் உரிமத்தில், பிறந்த தேதிக்கும் உயரத்துக்கும் பக்கத்தில், பார்வையைச் சரிசெய்யும் லென்ஸ் அணிந்தே ஓட்ட வேண்டும் என்ற கட்டுப்பாட்டை அச்சடித்திருக்கிறார்கள். கண்ணாடி இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் போலீஸ் சீட்டு எழுதலாம். சரியான விதிதான், நான் குறை சொல்லவில்லை. நான் கண்ணாடி இல்லாமல் ஓட்டுகிற சாலையில் என் பிள்ளைகளை நானே நடக்க விடமாட்டேன்.

ஆனால் பாருங்கள். பள்ளியில் ஒரு அரசு விதி என் மகனுக்குக் கண்ணாடி தேவை என்று கண்டுபிடித்துத் தாள் அனுப்புகிறது. சாலையில் இன்னொரு அரசு விதி கண்ணாடி இல்லாமல் ஓட்டாதே என்று என் அட்டையில் அச்சடிக்கிறது. வரிக் கணக்கில் மட்டும் அதே அரசு, "நீங்கள் ஆசைப்பட்டு வாங்கிய பொருள்" என்கிற மாதிரி நடந்துகொள்கிறது. ஒன்று, போடு என்று சொல்லக் கூடாது. அல்லது, போடுவதற்கு வரி வாங்கக் கூடாது.

வருமான வரிப் பக்கத்தில் இந்தக் குழப்பம் இல்லை என்பது இன்னும் வேடிக்கை. கண்ணாடியும் கான்டாக்ட் லென்ஸும் மருத்துவச் செலவு என்று மத்திய அரசின் வருமான வரித் துறையான ஐஆர்எஸ் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. மருத்துவச் செலவு வருமானத்தில் 7.5 சதவீதத்தைத் தாண்டினால் கழிக்கலாம் என்ற கணக்கை நீங்களும் ஏற்கிறீர்கள். ஆக, ஏப்ரல் மாதம் படிவம் நிரப்பும்போது என் கண்ணாடி மருத்துவம். கடையில் வாங்கும்போது மருத்துவம் இல்லை.

தொகை எவ்வளவு என்று கேட்பீர்கள். மறைக்காமல் சொல்கிறேன்: பெரிய தொகை இல்லை. கடைக்கு மொத்த விலையில் பிரேமும் லென்ஸும் சேர்ந்து 100 டாலர் ஆகிறது என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மாநிலம் முழுவதும் அடிப்படை விற்பனை வரி 7.25 சதவீதம். உள்ளூர் வரிகள் சேர்ந்து பல இடங்களில் 9, 10 தாண்டுகிறது. அப்படியானால் ஒரு ஜோடிக்கு ஏழிலிருந்து பத்து டாலர். என்னைப் போல மென்பொருள் வேலையில் இருப்பவனுக்கு அது ஒரு காப்பியும் ஒரு ரொட்டியும். இதற்கா இவ்வளவு பெரிய மடல் என்று என் மனைவியும் கேட்டாள்.

ஆனால் அந்த மறைமுக ஏற்பாடு என்னைப் போன்றவனுக்குத்தான் பாதுகாப்பு. டாக்டரிடம் போய், பதிவு பெற்ற கடையில் வாங்குகிறவனுக்கு மொத்த விலைமேல்தான் வரி. காசு குறைவாக இருக்கிறவர் எங்கே போகிறார்? இன்சூரன்ஸ் இல்லாத என் நண்பர் ஒருவர், மலிவாகக் கிடைக்கிறதென்று ஆன்லைனில் வாங்கினார். அவர் பில்லில் விற்பனை வரி தனி வரியாக, விற்ற விலை முழுவதற்கும் போட்டு வந்தது. மருந்துக் கடையின் சுழலும் தாங்கியில் தொங்குகிற, பிளஸ் ஒன்றரை, பிளஸ் இரண்டு என்று சீட்டு ஒட்டிய ரெடிமேட் படிப்புக் கண்ணாடி இருக்கிறதே, அதற்கும் கல்லாவில் முழு விலைக்கு வரி. டாக்டரிடம் போக வசதியில்லாத பெரியவர்கள் அந்தத் தாங்கிக்கு முன்னால் நின்று, ஒவ்வொன்றாகப் போட்டு, ஷாம்பு பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். கீழே போகப் போக வரி வெளிப்படையாகவும் விலையோடு ஒப்பிட்டால் கனமாகவும் ஆகிறது.

இனி கோ-பே. இது வரி இல்லை, தெரியும். ஆனால் கண்ணாடி வாங்குகிறவரின் பாக்கெட்டுக்கு இரண்டும் ஒரே கை.

விஷன் இன்சூரன்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, அது இன்சூரன்ஸ் மாதிரி நடந்துகொள்வதில்லை. கார் இன்சூரன்ஸ் என்றால் எதிர்பாராமல் பெரிய செலவு வந்தால் அவர்கள் தாங்குவார்கள். இங்கே தலைகீழ். எதிர்பார்த்த சின்னச் செலவை அவர்கள் தருவார்கள். எதிர்பாராமல் கூடினால் அது உங்கள் தலையில். பிரேமுக்கு இவ்வளவு, லென்ஸுக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு. பன்னிரண்டு மாதத்துக்கு ஒன்று, சில திட்டங்களில் பிரேம் இருபத்துநான்கு மாதத்துக்கு ஒன்று. கண்ணாடி எடுத்தால் அந்த ஆண்டு கான்டாக்ட் லென்ஸ் கிடையாது. எட்டு வயதுப் பையன் பிரேமை இருபத்துநான்கு மாதம் உடைக்காமல் வைத்திருப்பான் என்று கணக்குப் போட்டவருக்கு எட்டு வயதுப் பையன் இல்லை என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டுக் கதையே உண்டு. மகனின் முதல் கண்ணாடி கால்பந்து மைதானத்தில் நாலாவது மாதம் போனது. ஒரு காது முறிந்து, இடது லென்ஸ் புல்லில் எங்கோ விழுந்து, ஆறு அப்பா அம்மாக்கள் முட்டி போட்டுத் தேடினோம். கிடைத்தது, கீறலோடு. இரண்டாவது ஜோடிக்கு இன்சூரன்ஸில் ஒன்றும் இல்லை. முழுக் காசு. அந்த முழுக் காசுக்குள்ளும் கடைக்காரர் கட்டிய வரி இருந்தது.

பிள்ளைகளுக்காவது ஒரு பிடி இருக்கிறது. ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் பிள்ளைகளின் பார்வையை அத்தியாவசியப் பலன்களில் சேர்த்தது. பெரியவர்களைச் சேர்க்கவில்லை. பத்தொன்பது வயது ஆனதும் கண் அத்தியாவசியம் இல்லாமல் போய்விடுகிறது போலிருக்கிறது. அறுபத்தைந்து தாண்டி, முதியோருக்கான மத்திய அரசுக் காப்பீடான மெடிகேருக்குப் போனாலும் வழக்கமான கண்ணாடிக்கு அது தராது. 1965ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே கண்ணாடியை விலக்கி வைத்திருக்கிறார்கள். கண்புரை எடுத்து உள்ளே லென்ஸ் வைத்தால் மட்டும் அதன்பிறகு ஒரு ஜோடிக்கு உதவும். மாமிக்குக் கிடைத்தது அதுதான், அதிலும் அவர் பங்கு இருபது சதவீதம். 2021இல் வாஷிங்டனில் மெடிகேரில் பார்வையைச் சேர்க்கப் பேசினார்கள், நிறைவேறவில்லை. அது உங்கள் கையில் இல்லை என்பது எனக்குத் தெரியும். மெடிகேர் வாஷிங்டன் விவகாரம். விற்பனை வரி நம் மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோ விவகாரம். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நீங்கள் செய்ய முடியாதவர்களும் அல்ல. குழந்தை டயப்பருக்கும் மாதவிடாய்ப் பொருட்களுக்கும் 2020 ஜனவரியிலிருந்து வரியை எடுத்தீர்கள். முதலில் தற்காலிகம் என்றீர்கள், பிறகு நிரந்தரமாக்கினீர்கள். அதே 2020 ஜனவரியில், 2009ஆம் ஆண்டு பண நெருக்கடியில் வெட்டிய பெரியவர்களுக்கான கண்ணாடியை, ஏழைகளுக்கான மாநில மருத்துவக் காப்பீடான மெடி-காலில் திரும்பக் கொண்டுவந்தீர்கள். அந்த மெடி-கால் கண்ணாடிகளின் லென்ஸைச் சிறைக்குள் இருக்கும் தொழிற்கூடங்களில் கைதிகள் தயாரிக்கிறார்கள் என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அது வேறு கதை, இன்னொரு மடலுக்கு வைத்துக்கொள்கிறேன். ஏழைக்குக் கண்ணாடி அத்தியாவசியம் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டீர்கள் அல்லவா, அதைத்தான் இங்கே பிடித்துக்கொள்கிறேன்.

மற்ற மாநிலங்களைப் பார்த்தேன். டெக்சாஸில் டாக்டர் எழுதிக் கொடுத்த லென்ஸுக்கு விற்பனை வரி கிடையாது. நியூயார்க்கில் கண்ணாடிக்கு விலக்கு. நியூஜெர்சியிலும் அப்படியே. இல்லினாய் முழுதாக விடவில்லை, ஆனால் மருந்தோடு சேர்த்து மாநில வரியாக ஒரு சதவீதம்தான் போடுகிறது. எதிலும் நாங்கள் முன்னோடி என்று சொல்லிக்கொள்ளும் கலிஃபோர்னியா, டெக்சாஸுக்குப் பின்னால் நிற்பதைப் பார்த்து என் டல்லாஸ் மைத்துனர் இரண்டு நாள் வாட்ஸ்அப்பில் என்னை விடவில்லை. அப்புறம் நான் விட்டு வந்த நாடு. இந்தியாவில் பவர் கண்ணாடிக்கும் அதன் பிரேமுக்கும் கான்டாக்ட் லென்ஸுக்கும் 12 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டியை 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைத்தார்கள். அங்கும் பூஜ்யம் ஆகவில்லை. ஆனால் குறைத்ததைப் பில்லில் பார்க்க முடிகிறது. வரி கூடினாலும் குறைந்தாலும் வாங்குகிறவருக்குத் தெரிகிறது. இங்கே நாளைக்கே நீங்கள் குறைத்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை, ஏனென்றால் இருந்ததே தெரியாது.

இதில் ஒரு நியாயமான எதிர்ப்பு உண்டு, அதை நானே சொல்லிவிடுகிறேன். வரியை எடுத்தால் கடை விலையைக் குறைக்குமா? மொத்த விலையில் மறைந்திருந்த எட்டு டாலர் லாபமாக மாறிவிடாதா? மாறலாம். பிரேம் வியாபாரத்தில் மொத்த விலைக்கும் விற்பனை விலைக்கும் உள்ள இடைவெளி ஊரறிந்தது. என் 220 டாலர் பிரேம் கடைக்கு எவ்வளவுக்கு வந்தது என்று கேட்டிருந்தால் அந்தப் பெண் திரையைத் தன் பக்கமே திருப்பிக்கொண்டிருப்பார். அதனால் வரியை எடுப்பதோடு நிறுத்தக் கூடாது என்று நினைக்கிறேன். பில் பேச வேண்டும்.

கேட்பது இதுதான். 6369ஆம் பிரிவில் மருந்து ஆகாதவற்றின் பட்டியலிலிருந்து, டாக்டர் சீட்டோடு வாங்கும் கண்ணாடியையும் கான்டாக்ட் லென்ஸையும் எடுத்துவிடுங்கள். செயற்கைக் கண்ணுக்குப் பக்கத்தில் உயிருள்ள கண்ணுக்கும் ஒரு இடம் கொடுங்கள். கேட்கும் கருவிக்கும் இதே கதைதான். அதைப் பற்றிக் காது கேட்காதவர்கள் என்னைவிட நன்றாக எழுதுவார்கள், ஆனால் ஒரே வரியைத் திருத்தும்போது இரண்டையும் சேர்த்தே பாருங்கள். ரெடிமேட் படிப்புக் கண்ணாடிக்கு டாக்டர் சீட்டு இல்லை என்று அதிகாரிகள் சொல்வார்கள். உண்மைதான். பவர் எண் போட்டு விற்கிற கண்ணாடியை வெயில் கண்ணாடியிலிருந்து பிரிக்க ஒரு வழி எழுதத் தெரியாதவர்களா உங்கள் வரைவு அலுவலர்கள்?

திருத்தம் வரும்வரை ஒன்றாவது செய்யலாம். கண்ணாடி பில்லில், இதன் விலைக்குள் இவ்வளவு விற்பனை வரி அடங்கியிருக்கிறது என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பெட்ரோல் பங்கில் வரி விவரத்தை ஒட்டியிருக்கிறார்களே, அந்த மாதிரி. பக்கத்திலேயே, இன்சூரன்ஸ் உண்மையில் கடைக்கு எவ்வளவு கொடுத்தது, நான் எவ்வளவு கொடுத்தேன் என்றும் வரட்டும். "உங்கள் சேமிப்பு 310 டாலர்" என்று என் பில்லின் அடியில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. யாரிடமிருந்து சேமித்தேன், எந்த விலையிலிருந்து சேமித்தேன் என்று தெரிந்தால் நானும் பெருமைப்படுவேன்.

வருமானம் குறையும், உள்ளூர் நிர்வாகங்களின் பங்கும் குறையும் என்று நிதிக் குழுவில் சொல்வார்கள். குறையும்தான். எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட உங்களிடம் சட்டமன்ற ஆய்வாளர் அலுவலகம் இருக்கிறது. அவர்கள் போடட்டும், எண்ணை எங்களுக்கும் காட்டட்டும். மிட்டாயையும் டயப்பரையும் தாங்கிய கஜானா கண்ணாடியைத் தாங்குமா என்பதை எண்ணைப் பார்த்துப் பேசலாம். பார்க்காமலே முடியாது என்றால்தான் எனக்குக் கோபம் வரும். அப்போது இரண்டாவது மடலை மகள் உதவியில்லாமல் நானே ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும். அது யாருக்கும் நல்லதல்ல.

மகன் இப்போது நாலாம் வகுப்பு. மூன்றாவது பிரேம், நீல நிறம், காதுக்குப் பின்னால் பட்டை வைத்து இறுக்கியது. அடுத்த வருடம் ஐந்தாம் வகுப்பு என்பதால் மறுபடி பள்ளியில் பரிசோதனை வரும். பவர் ஏறியிருக்கும் என்று டாக்டர் இப்போதே சொல்லிவிட்டார். அந்தத் தாள் வீட்டுக்கு வருவதற்குள் உங்களில் ஒருவராவது இதை மசோதாவாகக் கொண்டுவர முடியுமா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பதில் ஆங்கிலத்திலேயே அனுப்பலாம். எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். ப்ரோக்ரெசிவ் இன்னும் எனக்குச் சரியாகப் பழகவில்லை.

இப்படிக்கு,
உங்கள் தொகுதி வாக்காளர் ஒருவர்,
உரிமத்தில் எழுதியிருக்கிறபடி கண்ணாடி அணிந்து ஓட்டுபவர்